அழுகலும் ஆக்கமும்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையாக விளங்குவது வங்கக்கடல். கோவளம், நெம்மேலி, தேவநேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் எனக் கடலோரம் நெடுகிலும் மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. கடல்மேற் சென்ற படகுகள் கரைசேரும் வேளையில் மணற்பரப்பே சந்தையாக மாறிவிடும். ஆடவர் வலையினின்றும் மீன்களைப் பிரித்தெடுப்பர். மகளிர் அவற்றைக் கூடைகளில் நிரப்பிக்கொண்டு விற்கச் செல்வர். வாங்குவோர் விரும்பும் வண்ணம் மீனை அரிந்து கொடுப்பதும் பெரும்பாலும் மகளிர் தொழிலே.

அரியும்பொழுது தலை, குடல், செதில், துடுப்பு, தோல், முள் ஆகியவை ஒதுக்கப்படுகின்றன. மீனின் வகையையும் அரியும் முறையையும் பொறுத்து இவை மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கும். பாதிக்கு மேற்படுதலும் உண்டு. ஒதுக்கியவற்றைக் கரையிலோ கால்வாயிலோ எறிந்துவிட்டால் அவை சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். ஈக்கள் மொய்க்கும், நாற்றம் பரவும், நீர் கெடும். அக்கேட்டினை முதலில் நுகர்வோர் அக்கரையிலேயே வாழும் மீனவ மக்களேயாவர்.

மாமல்லபுரத்துச் சிற்பியின் உளி பெயர்த்தெறியும் கற்சில்லு மீண்டும் சிலையாவதில்லை. மீன் அரியும் கத்தி ஒதுக்கும் பகுதியோ அத்தகையதன்று. உண்ணும் சதையில் உள்ள புரதம் அதிலும் உண்டு. தோலிலும் செதிலிலும் கொலாஜன் என்னும் புரதம் மிகுந்துள்ளது. இத்துணைப் பொருளும் மண்ணில் அழுகி வீணாகாமற் காக்க வழி யாது?

அவ்வழியை அறிய, அழுகல் நிகழும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பெற்ற நெடிய சங்கிலி. மீனின் குடலில் அச்சங்கிலியை அறுக்கவல்ல நொதிகள் உள்ளன. மீன் உயிரோடிருக்கும்பொழுது அவை உணவைச் செரிக்கச் செய்கின்றன. மீன் இறந்தபின் அதன் உடலையே கரைக்கத் தொடங்குகின்றன. கரைந்ததைப் பாக்டீரியாக்கள் உண்டு பெருகுகின்றன. அதனால் துர்நாற்றமும் நச்சுப்பொருள்களும் தோன்றுகின்றன.

நொதியின் இவ்வாற்றலைத் தமிழ்நாட்டு அடுக்களை முன்னரே அறியும். முற்றிய இறைச்சியோடு பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைச் சேர்த்தால் அது விரைவில் மென்மையாகிறது. பப்பாளிக்காயின் பாலிலுள்ள பாப்பெயின் என்னும் நொதி புரதச் சங்கிலியை அறுப்பதே அதற்குக் காரணம். அறிவியலார் இச்செயலையே மீன் கழிவின்மேல் அளவறிந்து நிகழ்த்துகின்றனர்.

கழிவை நன்கு அரைத்து, நீர் கலந்து, தக்கதொரு நொதியைச் சேர்த்து, ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியசு வெப்பத்தில் சில மணி நேரம் வைப்பர். சங்கிலிகள் சிறு துண்டுகளாக அறுபடும். பின்னர்க் கலவையை 90 பாகை அளவிற்குச் சூடேற்றுவர். நொதி தன் செயலை இழந்துவிடும். எலும்பையும் எண்ணெயையும் பிரித்தெடுத்தால் எஞ்சுவது புரதக் கரைசல். அதனை உலர்த்தினால் பொடி கிடைக்கும். உரிய வேளையில் செயலை நிறுத்தாவிடின் கரைசல் கசப்பேறிக் கெடுதலும் உண்டு. ஆகவே தொடங்குதலைப் போலவே நிறுத்துதலும் இத்தொழிலில் இன்றியமையாதது.

இவ்வாறு கிடைக்கும் சிறு துண்டுகளுக்குப் பெப்டைடுகள் என்பது பெயர். இவை எளிதிற் செரிக்கும். இவற்றுட் சில, உணவாவதோடு நில்லாமல் உடலின் செயல்களிலும் தலையிடுகின்றன. குருதிக் குழாய்களைச் சுருக்கும் பொருள் உடலில் உண்டாவதைத் தடுக்கும் பெப்டைடுகள் மத்தி, சூரை போன்ற மீன்களிலிருந்து பெறப்பட்டுள்ளன. ஜப்பானில் அத்தகைய பெப்டைடு சேர்ந்த உணவுகள் அரசின் ஒப்புதலோடு விற்கப்படுகின்றன. எனினும் ஆய்வுக்கூடத்திற் கண்ட பயன் எல்லாம் மருந்தாகிவிடாது; மக்களிடம் முறையாகச் சோதித்த பின்னரே அதனை ஏற்றல் தகும்.

1957 ஆம் ஆண்டில் கொச்சியில் நிறுவப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன் கழிவினின்றும் கொலாஜன் பெப்டைடு எடுக்கும் முறையை வகுத்துள்ளது. சென்னையில் 1987 ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்திற்கு மாமல்லபுரம் செல்லும் சாலையில் உள்ள முட்டுக்காட்டில் ஆய்வுப் பண்ணை ஒன்று உண்டு. மீன் அரியுமிடங்களில் சேரும் கழிவிலிருந்து பிளாங்டன் பிளஸ், ஹார்ட்டி பிளஸ் என்னும் இரு பொருள்களை இந்நிறுவனம் உருவாக்கியது. முன்னது இறால் குளங்களில் நுண்ணிய மிதவை உயிர்கள் செழிக்க உதவுவது. பின்னது காய்கறி, பூச்செடிகளுக்கு ஊட்டமாவது. சென்னைப் பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பத்தினர் சிலர் இப்பயிற்சியைப் பெற்று, கழிவைத் திரட்டி இப்பொருள்களை ஆக்கும் பணியில் ஈடுபட்டனர்.

உழவர்களும் இவ்வழியில் பின்தங்கியவர் அல்லர். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் கலந்து மூடிவைத்து, சில வாரங்களுக்குப் பின் தெளிந்த சாற்றை நீரிற் கரைத்துப் பயிருக்குத் தெளிக்கின்றனர். மீன் அமிலம் எனப்படும் அதுவும் நொதிகளின் ஆக்கமே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கெட்டுப்போன கழிவிலிருந்து நல்ல உணவுப் புரதம் கிடைக்காது. வெயிலிற் கிடந்து நாறியபின் எந்த இயந்திரமும் அதனை மீட்டுத் தாராது. அரிந்த உடனே கழிவைத் தூய கலத்தில் இட்டுப் பனிக்கட்டியிற் காத்தல் வேண்டும். ஆகவே இத்தொழிலின் முதற்படி ஆய்வுக்கூடத்தில் இல்லை; அரிவாள்மணை முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் கையில் உள்ளது. அவருக்கு நிழலும், நன்னீரும், பனிக்கட்டியும், கழிவுக்கு ஒரு விலையும் கிடைத்தல் வேண்டும். கிடைப்பின் கரை தூயதாகும். அவர் குடும்பத்திற்கு மற்றொரு வருவாய் பிறக்கும்.

மீனை அழுகச் செய்வதிலும் நொதிக்குப் பங்குண்டு. அதனைப் பயனுள்ள புரதமாக்குவதும் நொதியே. காலமறிந்து காப்பார் கையில் அது ஆக்கம். காவாதார் கையில் அழுகல்.