நீர்வடிப்பகுதிக் குழுவுக்குப் பேர் கொடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு

கிராமசபையில் உங்கள் பேரை வாசித்தபோது கைதட்டினார்கள். நல்லது. இனி வேலையைப் பேசுவோம்.

1. கண்மாயை அப்புறம் பாருங்கள். முதலில் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரியை நடந்து பாருங்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய், குளம், ஏந்தல் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மற்ற இடம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை வாரி வழியாக வந்து சேர்ந்தால்தான் கண்மாய்க்கு உயிர்.

நடக்கும்போது ரோட்டைக் கடக்கிற இடங்களில் நில்லுங்கள். புது ரோடு போட்டவர்கள் அடியில் ஒரு சிமெண்ட் குழாயைப் பதித்திருப்பார்கள். குனிந்து குழாயின் வாயைப் பாருங்கள். வாரியின் தரையைவிட அது அரையடி உயரத்தில் இருந்தால், முதல் நாலு மழைத் தண்ணீர் ரோட்டுக்கு மேற்கேயே தேங்கி மண்ணில் இறங்கிவிடும். கிழக்கே கண்மாய் காய்ந்து கிடக்கும். ஊரில் மழை இல்லை என்று பேசிக்கொள்வார்கள். தூர் வாரச் செலவழிக்கிற லட்சங்களுக்கு முன்னால் அந்தக் குழாயை இறக்கிப் பதிக்கச் சொல்லி எழுதுங்கள்.

2. காகிதம் இல்லாமல் பேசாதீர்கள். கிராம வரைபடம், அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரி எந்தப் புல எண்ணில் நுழைகிறது, எத்தனை மீட்டர் அகலம் என்று அவற்றில் இருக்கும். தர மறுத்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்த கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையுடையது. இது தெரியாமல் தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு ஒரு பருவத்தையே கோட்டை விட்ட ஊர்கள் உண்டு.

3. மேட்டிலிருந்து தொடங்குங்கள். அனுமந்தராவ் குழு சொல்லி 1995-ல் நடைமுறைக்கு வந்த நீர்வடிப்பகுதி வழிகாட்டுதலும், 2008-ல் வந்த பொது வழிகாட்டுதலும் இதையே சொல்கின்றன. குழுவில் முதல் கூட்டத்திலேயே தடுப்பணை வேண்டும் என்று குரல் வரும். சிமெண்ட் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம், ஒப்பந்தக்காரருக்கும் பிடிக்கும். மேட்டு நிலத்தில் வரப்பு உயர்த்துவதும், சம உயர வரப்பு போடுவதும், மரம் வைப்பதும் யார் கண்ணிலும் படாது. ஆனால் மேட்டில் மண் அரிப்பு நிற்காவிட்டால், கட்டிய தடுப்பணை சில மழையிலேயே மணல்மேடு ஆகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நன்றாக யோசியுங்கள். மேட்டில் எவ்வளவு நிறுத்துவது, கீழே எவ்வளவு விடுவது? தைலமரக் காடுகளில் வரப்பும் குழியும் போட்டு மழையை அங்கேயே மடக்கிவிடுகிறார்கள், எங்கள் கண்மாய்க்கு வரத்தே இல்லை என்று நம் விவசாயிகள் நெடுங்காலமாகக் குறை சொல்கிறார்கள். அந்தக் குறை நியாயமானது. அதே கண்ணோடு நம் திட்டத்தையும் பார்க்க வேண்டும். நமக்கு மேலே ஒருவர் மடக்கினால் கொதிக்கிறோம். நாம் மடக்கும்போது நமக்குக் கீழே ஒரு கண்மாய் காத்திருக்கிறதா என்று கேட்டோமா? வரைபடத்தை ஊர் எல்லையோடு மடித்து வைத்துவிடாதீர்கள். கீழூர்க்காரர் இரண்டு பேரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

4. உபரி நீர் வழியும் கலுங்கில் கூடுதல் தண்ணீரைத் தேக்க மணல் மூட்டை அடுக்குவதை உங்கள் சொந்தக்காரரே செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். நம் கண்மாய்கள் ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து என்று சங்கிலியாக அமைந்தவை. முன்னோர் கலுங்கின் மட்டத்தைக் கல்லில் வகுத்து வைத்தது நமக்காக மட்டும் அல்ல.

5. குழுவில் குறைந்தது பத்து பேர், அதில் பாதிப் பேர் சுயஉதவிக் குழு, பயன்படுத்துவோர் குழு, பட்டியலினத்தார், பெண்கள், நிலமில்லாதவர் என்று 2008 வழிகாட்டுதலில் விதி உண்டு. மனைவி பேர் பதிவேட்டிலும் கணவர் நாற்காலியிலும் இருந்தால் அது குழுவே அல்ல. நூறு நாள் வேலையில் மண் வெட்டுகிற அக்காமாருக்குத் தெரியும், எந்த இடத்தில் ஒரு முழத்துக்குக் கீழே செம்பாறை தட்டும் என்று. பொறியாளர் அளவெடுக்க வரும்போது அவர்கள் பக்கத்தில் நிற்கட்டும், பேசட்டும்.

6. சொந்த நிலத்தில் வேலை நடந்தால் உரியவர் அந்த வேலைச் செலவில் குறைந்தது பத்து சதவீதம் கட்ட வேண்டும். பட்டியலினத்தார், சிறு குறு விவசாயிகளுக்கு ஐந்து சதவீதம். இது நீர்வடிப்பகுதி நிதிக்குப் போகிறது, திட்டம் முடிந்தபின் பராமரிப்புக்கு அதுதான் கைமுதல். பங்குத் தொகையை ஒப்பந்தக்காரர் கட்டிவிட்டதாக யாராவது சொன்னால் உடனே கேளுங்கள், ஏன் கட்டினார் என்று. மார்ச் 22 கிராமசபை தண்ணீருக்கான நாள். கணக்கை அன்று சத்தமாக வாசியுங்கள்.

7. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி போதும், இலவசம். நம் வயலுக்கு அது நல்ல உரம். ஆனால் வண்டல் முடிந்து கிராவல் தெரிந்ததும் இயந்திரம் நிற்க வேண்டும். அதற்குக் கீழே தோண்டினால் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற அடித்தளம் கிழிந்துவிடும். கரையை ஒட்டியும் தோண்ட விடாதீர்கள். லாரி எந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தாலே வயலுக்குப் போகிறதா, விற்பனைக்குப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

8. புகார் மனுவில் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 ஜனவரியில் திருமயம் பக்கம் கல்குவாரிகளை எதிர்த்துப் புகார் கொடுத்தவரை லாரி மோதிக் கொன்றது. காவல்துறை பின்னர் அதைக் கொலை வழக்காக மாற்றியது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் உயிர் எங்களுக்கு வேண்டும். குழுத் தீர்மானம், எல்லோர் கையெழுத்து, ஒரு நகல் ஆட்சியருக்கு, ஒரு நகல் பதிவேட்டில். ஆக்கிரமிப்பைப் பார்க்கப் போனாலும் நாலைந்து பேராக, பகலில் போங்கள்.

9. காவிரி வரும், அதுவரை பொறுப்போம் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும், கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். அந்தத் தண்ணீர் வந்தாலும் கண்மாய்க்குள் போக இதே வாரிகள்தான் வேண்டும்.

10. புரட்டாசி முடிவதற்குள் குழு முழுவதும் ஒருமுறை தலைவாரியிலிருந்து மடை வரை நடந்துவிடுங்கள். மடைப் பலகை இறங்குகிறதா, கரையில் எலிவளை இருக்கிறதா, கலுங்கில் கருவேலம் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். மண்வெட்டியும் அரிவாளும் கையோடு கொண்டுபோங்கள். சின்ன அடைப்பை அங்கேயே வெட்டிவிடுங்கள், பெரியதை எழுதி அன்று மாலையே உரிய அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.