சட்டியும் தீப்பொறியும்

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரிலேயே சூளையின் சூடு இருக்கிறது. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. நகரைச் செங்கல்லால் எழுப்ப வேண்டிய நிலை வந்தபோது, சூளைகள் இங்கேதான் எரிந்தன. 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவரை இரயில் ஓடியது. இரயில்வே வேலைக்கு வந்த தமிழர் பலர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறினர். பகலில் இரும்பு, மாலையில் அடுப்பு என அவர்கள் நெருப்போடு பழகினர்.

இன்று அதே கிள்ளான் பள்ளத்தாக்கில் சமையலையும் வெல்டிங்கையும் பொழுதுபோக்காகக் கற்க விரும்புவோர் உண்டு. சமூகக் கல்லூரிகள் இத்தகைய கைத்திறன்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகின்றன. தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டையும் முதலில் கற்பது காதுதான். கடுகு வெடிக்கும் ஓசை கேட்டதும் கறிவேப்பிலை போடுகிறோம். வெல்டிங் குச்சிக்கும் இரும்புக்கும் இடைவெளி சரியாக இருந்தால், எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோலச் சீரான ஓசை வரும். குச்சி விலகினால் பொறிகள் சிதறும். மிக நெருங்கினால் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஈரம் இரண்டுக்கும் பகை. கழுவிய நண்டை நீர் வடிக்காமல் சூடான எண்ணெயில் போட்டால், நீர் நொடியில் ஆவியாகி எண்ணெயை வெளியே வீசும். ஈரமேறிய குச்சியால் பற்றவைத்தால் இணைப்பில் நுண்துளைகள் விழும். மேலே வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவிருக்காது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். குச்சிகளை மூடிய பெட்டியில் உலர்வாக வைப்பது இதனால்தான்.

துணிச்சல் மட்டும் இரண்டிலும் ஒன்றல்ல. நண்டுப் பிரட்டலில் கொஞ்சம் பெலாச்சான் சேர்த்துப் பார்க்கலாம். சுவை கெட்டால் ஒருவேளை உணவோடு போயிற்று. வெல்டிங்கில் அப்படிச் சோதித்துப் பார்க்க முடியாது. அதன் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களைக் கவசமின்றிப் பார்த்தால், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல வலி தொடங்கும். அருகில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் இதே கதிதான். ஆகவே முகக்கவசமும் தோல் கையுறையும் நீண்ட பருத்தி ஆடையும் கட்டாயம். துத்தநாகம் பூசிய குழாயைத் தொடக்கநிலையினர் தொடவே கூடாது. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். பயிற்றுநர் இல்லாமல் இயந்திரத்தை இயக்குவதும் ஆகாது.

முதல் சில நாள்கள் பழைய தகட்டில் கோடு போடுவதிலேயே கழியும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கை நடுக்கம் அடங்குவது அங்கேதான். பிறகு சட்டி வைக்க ஒரு முக்காலி செய்யலாம். அது உடைந்தால் கொதிக்கும் குழம்பு காலில் கொட்டும். எனவே ஆறியபின் கசட்டைத் தட்டி நீக்கி, ஒவ்வோர் இணைப்பையும் உற்றுப் பார்க்க வேண்டும். சட்டியை வைக்கும் முன், அதைவிடக் கனமாகச் செங்கற்களை ஏற்றி ஓர் இரவு விட்டுவைப்பது நல்லது.