காலணி செய்தவர் கடைக்காரர் ஆனார்

நுழையும்முன்
இன்று நாம் அணியும் காலணியைச் செய்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், அமெரிக்கச் சிற்றூர்களில் அவரை ஊரே அறிந்திருந்தது. ஜெர்மனியிலிருந்து அங்குக் குடியேறிய காலணித் தொழிலாளர்களின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

கடல் கடந்த தொழில்
1851 முதல் 1860 வரையிலான பத்தாண்டுகளில் ஜெர்மானியர் 9 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தனர். பிரேமன், ஹாம்பர்க் ஆகிய துறைமுகங்களில் கப்பலேறியவர்களுள் உழவர், தச்சர், கொல்லர் ஆகியோருடன் காலணி செய்வோரும் இருந்தனர். நிலம் வாங்க இயலாதவர்க்குக் கைத்தொழிலே முதலாயிற்று. குத்தூசி, சுத்தியல், தோல் வெட்டும் கத்தி ஆகியன ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். ஊர் மொழி தெரியாவிடினும் கால் அளவெடுக்கத் தெரிந்தவர் அங்குப் பிழைத்துக்கொள்ளலாம்.

கடையும் வீடும்
வீட்டின் முன்பகுதியே பலருக்குக் கடையாக அமைந்தது. தொழிலாளர் முதலில் வாடிக்கையாளரின் பாதத்தை அளப்பார். அளவிற்கேற்ற மர அச்சுக்கட்டையைத் தேர்ந்தெடுப்பார். பின்னர் மேல்தோலை வெட்டித் தைத்து, அதனை அச்சின்மீது இழுத்துப் பொருத்துவார். இறுதியாக, அடித்தோலை மெழுகு நூலாலோ மர ஆணிகளாலோ இணைப்பார். மனைவியும் மக்களும் அவருக்குத் துணைநின்றனர். உழவர் பலர் கடனுக்கே வாங்கினர். அறுவடை முடியும்வரை அக்கடன் பற்றேட்டில் காத்திருக்கும். சிலர் பணத்திற்கு மாற்றாக வெண்ணெயும் முட்டையும் கொடுத்தனர்.

இயந்திரம் வந்தது
1858ஆம் ஆண்டில் லைமன் பிளேக் என்பவர், அடித்தோலை மேல்தோலுடன் தைக்கும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் படைவீரர்க்குக் காலணிகள் பெருமளவில் தேவைப்பட்டன, தொழிற்சாலைகள் பெருகின. ஆயினும், மேல்தோலை அச்சின்மீது இழுத்துப் பொருத்தும் பணி மட்டும் கைத்திறனையே நம்பியிருந்தது. 1883இல் அதற்கும் ஓர் இயந்திரம் காப்புரிமை பெற்றது. அதனை உருவாக்கிய யான் மாட்செலிகரும் ஒரு குடியேறியவரே! அவர் இன்று சுரினாம் எனப்படும் நாட்டில் பிறந்தவர். திறமைமிக்க தொழிலாளர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 50 இணைகளைப் பொருத்தினார். இயந்திரமோ பலநூறு இணைகளைப் பொருத்தியது.

இரு வேடம்
தொழிற்சாலைக் காலணிகள் இரயிலேறிச் சிற்றூர்களை வந்தடைந்தன. அவற்றின் விலையோடு கைத்தொழிலாளரால் போட்டியிட இயலவில்லை. சிலர் தொழிற்சாலைக் கூலிகளாயினர். வேறு சிலர், தம் தொழிலை நலிவுறச் செய்த அதே காலணிகளைத் தம் கடையிலேயே அடுக்கி விற்றனர்! கடையின் மூலையிலிருந்த பழைய இருக்கை, பழுது பார்க்கும் இடமாயிற்று.

இதனைத் தோல்வி என்று மட்டும் கூறலாமா? விலை குறைந்ததால், எளிய மக்களின் பிள்ளைகளும் புதுக் காலணி அணிந்தனர். தோலின் தரத்தைத் தொட்டறியவும், பாதத்தை உறுத்தும் இடத்தைக் கண்டு சரிசெய்யவும் கடைக்காரரின் பழைய அறிவு உதவியது. ஆனால், அவருடைய மக்களுள் பலர் கணக்கெழுதக் கற்றனரேயன்றிக் காலணி செய்யக் கற்கவில்லை. குடும்பம் நிலைத்தது, கைத்திறன் ஒரு தலைமுறையோடு நின்றது.

சொல்லும் பொருளும்
அச்சுக்கட்டை – பாத வடிவில் செதுக்கிய மரக்கட்டை
குத்தூசி – தோலில் துளையிடும் கருவி
பற்றேடு – கடன் விவரம் எழுதும் கணக்கேடு
இணை – இரண்டு சேர்ந்தது; சோடி

மதிப்பீடு
1. கைத்தொழிலாளர் காலணி செய்த முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
2. உழவர்கள் காலணிக்கான விலையை எவ்வாறு செலுத்தினர்?
3. ‘இரு வேடம்’ என்னும் தலைப்பின் பொருத்தத்தை விளக்குக.
4. பிரித்து எழுதுக: கைத்திறன், அளவெடுக்க.

சிந்தனை வினா
இயந்திரத்தால் பயனடைந்தோர் யார்? இழந்தோர் யார்? இருவர் பக்கமும் நின்று வாதிடுக.

கற்பவை கற்றபின்
உம் பகுதியில் காலணி தைப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழில் கற்ற முறையையும் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் கேட்டறிந்து எழுதுக.