சிவப்பு லீவர் ஏன் பிங்க் ஆச்சு?

போன வருஷம் முதல் இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் கைக்கு வந்ததும், பைக்குக்கு ஒரு ஜோடி சிவப்பு ஆனோடைஸ்டு லீவர் வாங்கினேன். கிளட்ச் ஒண்ணு, பிரேக் ஒண்ணு. "முதல் காசுல அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்கத் தோணலை பாரு"ன்னு வீட்டில் இன்னும் பேச்சு விழுது. அந்தப் பேச்சை வாங்கித் தந்த லீவராவது நிலைச்சுதா? எட்டே மாசத்தில் கிளட்ச் லீவர் ரோஸ் மில்க் கலருக்கு வந்துருச்சு. பிரேக் லீவர் மட்டும் இன்னும் நல்ல சிவப்பு.

ரெண்டும் ஒரே செட். ஒரே மழை, ஒரே ஷாம்பு, ஒரே துணி. ஒரே ஒரு வித்தியாசம்தான். கோட்டூர்புரத்தில் எங்க வீட்டு வாசலில் பைக்கோட வலது பக்கம் பால்கனி நிழலில் நிற்கும், இடது பக்கம் வெயிலில் நிற்கும். நம்ம லேப் பாஷையில் சொன்னா, மத்த எல்லாத்தையும் மாறிலியா வெச்சு வெயிலை மட்டும் மாத்திப் பார்த்த சோதனை. முடிவு தெளிவு: குற்றவாளி சூரியன்.

கலர் எங்கே இருக்கு?

ஆனோடைசிங் கலர் பெயின்ட் இல்லை. அலுமினியத்தை நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் ஆனோடாக மாட்டி மின்சாரம் செலுத்துவாங்க. உலோகத்தின் மேல்பகுதியே அலுமினியம் ஆக்சைடா மாறும். கலர் போடும் பாகங்களில் இந்தப் படலம் பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரான் தடிமன் இருக்கும். நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான், ஒப்பிட்டுப் பாருங்க. படலம் முழுக்கத் தேன்கூடு மாதிரி நுண்துளைகள் இருக்கும், ஒவ்வொன்றும் பத்து இருபது நானோமீட்டர் அகலம். பாகத்தை டை தொட்டியில் முக்கினால் சாயம் அந்தத் துளைகளுக்குள் இறங்கும். பிறகு கொதிநீரிலோ நிக்கல் அசிடேட் கரைசலிலோ வைப்பாங்க. ஆக்சைடு தண்ணீரைச் சேர்த்துக்கிட்டு வீங்கும், துளைகளின் வாய் மூடும். இதுக்குப் பேர் சீலிங்.

ஆக, கலர் எவ்வளவு நாள் நிலைக்கும்னு தீர்மானிப்பது மூணு விஷயம்: எந்தச் சாயம், எவ்வளவு தடிமன், சீலிங் எவ்வளவு ஒழுங்கா நடந்தது. மூணுமே நாம் காசு கொடுக்கும் முன்னாடியே முடிஞ்சு போன விஷயங்கள்.

வெயில் என்ன பண்ணுது?

சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம். 1,19,600-ஐ ஒளியின் அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால், ஒரு மோல் ஃபோட்டானின் ஆற்றல் கிலோஜூலில் கிடைக்கும். 350 நானோமீட்டர் புற ஊதா ஒளிக்கு சுமார் 342 வரும். கார்பன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பை உடைக்கத் தேவை சுமார் 305. கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்புக்கு சுமார் 347. கிட்டத்தட்ட ஒரே அளவு, இல்லையா? சிவப்பு, ஊதா மாதிரி கலர்களுக்குப் போடுவது பெரும்பாலும் கரிமச் சாயம். அதன் மூலக்கூறில் வரிசையா இருக்கும் இரட்டைப் பிணைப்புகள்தான் நிறத்தைத் தருது. அந்த வரிசையை ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து எங்காவது ஒரு இடத்தில் அறுத்துவிட்டால் போதும், மூலக்கூறு அங்கேயே இருக்கும், நிறம் இருக்காது. அதனால்தான் லீவர் உரியவில்லை, வெளுத்தது.

சரி, பல பைக்குகளில் வரும் தங்கக் கலர் ஃபோர்க் மட்டும் எப்படித் தாங்குது? தங்கக் கலருக்கு ஃபெரிக் அம்மோனியம் ஆக்சலேட் என்ற உப்பைப் பயன்படுத்தும் முறை உண்டு. துளைக்குள் தங்குவது இரும்புச் சேர்மம், கிட்டத்தட்ட துருவோட உறவினர். வெயில் உடைப்பதற்கு அதில் கரிமச் சங்கிலி எதுவும் கிடையாது. (எல்லாத் தங்கக் கலரும் இப்படித்தான்னு நம்பிடாதீங்க, கரிமத் தங்கச் சாயமும் இருக்கு.) அடுக்குமாடி ஜன்னல்களில் பார்க்கும் வெண்கல நிற அலுமினியச் சட்டத்திலும் பெரும்பாலும் துளைக்குள் இருப்பது வெள்ளீயம் மாதிரி உலோகம்தான். அதான் வருஷக்கணக்கா வெயிலைப் பார்த்துட்டு நிற்குது. நீலமும் ஊதாவுமா மின்னும் டைட்டானியம் போல்ட்டில் சாயமே இல்லை. மழை ரோட்டில் பெட்ரோல் சிந்தினா வருமே வானவில், அதே ஒளிக் குறுக்கீடு. வெளுக்காது, ஆனா கீறினா போச்சு.

நான் பண்ண ரெண்டாவது தப்பு

வெளுத்த லீவரைப் பார்த்து மனசு கேட்காமல், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சேன். பித்தளைக்கு அது மருந்து. ஆனோடைசிங்குக்கு விஷம். அந்த ஆக்சைடு படலம் பிஹெச் சுமார் 4 முதல் 8 வரைதான் பத்திரமா இருக்கும். புளி அதுக்குக் கீழே. சோப்புத் தூள், சமையல் சோடா, வாட்டர் வாஷ் கடைகளில் அடிக்கும் காரமான நுரை இதெல்லாம் அதுக்கு மேலே. ரெண்டு பக்கமும் படலம் அரிக்கும். என் லீவரில் ரோஸ் மில்க் நடுவே இப்போ திட்டுத் திட்டா சாம்பல்.

நம்ம கையில் இருப்பது

1. நிழலில் நிறுத்துங்க, இதுதான் முதல் மருந்து. நிழலே இல்லாத இடத்தில் காற்றுப் போகும் துணிக் கவர் போடுங்க. பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தை உள்ளே பிடிச்சு வைக்கும்.

2. மரத்தடி நல்லதுதான், ஆனா பறவை எச்சம் விழுந்தால் காயவிடாமல் ஈரத்துணியால் துடைச்சிடுங்க. அதுவும் படலத்தை அரிக்கும்.

3. கழுவ பிஹெச் நடுநிலையான ஷாம்பும் மென்மையான துணியும் போதும். சபீனா, ஸ்காட்ச் பிரைட், மெட்டல் பாலிஷ் எல்லாம் வேண்டாம். பாலிஷ் கலரைத் திருப்பித் தராது, இருக்கும் படலத்தைத் தேய்க்கும்.

4. பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய்ட்டு வந்தால் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசுங்க. உப்பு, கீறல் வழியா உள்ளே போய் அலுமினியத்தில் குழி போடும்.

5. மாசம் ஒரு தடவை மெழுகு பூசலாம். தண்ணீரும் உப்பும் ஒட்டாது. ஆனா வெயிலை அது பெரிசா தடுக்காது. தேங்காய் எண்ணெய் தடவினால் கலர் வந்த மாதிரி தெரியும், ரெண்டு நாளில் தூசிதான் மிஞ்சும்.

மறுபடி சாயம் ஏத்தலாமா?

துளைகளின் வாய் மூடியிருப்பதால் மேலே சாயம் ஊத்தினால் இறங்காது. பழைய படலத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைச்சு, முதலில் இருந்து ஆனோடைஸ் பண்ணணும். "வீட்டிலேயே பண்ணலாம் மச்சான்"னு என் ஃப்ரெண்டு உற்சாகமா வந்தான். நான் வேண்டாம்னுட்டேன். காஸ்டிக் படலத்தோட நிற்காது, உலோகத்தையும் தின்னும். பிவட் துளை பெரிசானால் லீவர் ஆடும். ஆடுவது பிரேக் லீவர்னா, பணயம் வைப்பது கலரை இல்லை, உயிரை.

அம்மாகிட்ட இந்தக் கதையை எல்லாம் விளக்கி முடிச்சேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாங்க: "கடையில வாங்கும்போது சாயம் போகுமான்னு கேட்டியாடா?"

கேட்கலை. நூறு ரூபாய் பாவாடைத் துணிக்கு அம்மா கேட்கும் கேள்வியை, ஸ்டைபண்டில் பாதியைக் கொடுத்த நான் கேட்கலை. நீங்க கேளுங்க. எத்தனை மைக்ரான், என்ன சீலிங்னு கேளுங்க. பதில் வரலைன்னா கறுப்போ தங்கமோ எடுங்க. சிவப்புதான் வேணும்னா நிழலையும் சேர்த்துப் பாருங்க. நான் இப்போ பைக்கை ரெண்டடி உள்ளே தள்ளி, முழுசா பால்கனிக்குக் கீழே நிறுத்தறேன். பிரேக் லீவராவது சிவப்பா இருக்கட்டும். அடுத்த மாசச் சம்பளத்தில் முதலில் புடவை.