மலைமேல் ஒரு சந்தை: சனா நகரமும் நம் கரையும்



அரேபியா என்றதும் நம்மில் பெரும்பாலோர் மணற்காட்டையும் ஒட்டகத்தையும் பேரீச்ச மரத்தையுமே நினைக்கிறோம். வகுப்பில் வரையும் படங்களும் அப்படியே அமைகின்றன. ஆனால் அத்தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் யெமன் என்றொரு நாடு உண்டு. அங்கே மேகம் தவழும் மலைகள் உள்ளன. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய கழனிகள் உள்ளன. கோடையில் மழையும் பெய்கிறது. அம்மலைகளின் நடுவே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,250 மீட்டர் உயரத்தில், சனா என்னும் பழம்பெரும் நகரம் இருக்கிறது. நம் உதகமண்டலத்தின் உயரமும் கிட்டத்தட்ட இதுவே. உதகையில் தேயிலைத் தோட்டங்களுக்குப் பதிலாக மதில் சூழ்ந்த ஒரு நகரத்தையும், ஐந்தாறு மாடி வீடுகளையும், நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு சந்தையையும் வைத்துப் பாருங்கள். சனாவின் தோற்றம் ஓரளவு மனத்தில் பதியும்.

இந்நகரை நோவாவின் மகன் சேம் கட்டினான் என்பது அவ்வூரார் வழங்கும் பழங்கதை. கதை எவ்வாறாயினும் ஊர் மிகப் பழையது. சாலமோன் அரசரைக் காண வந்த சேபா நாட்டு அரசியின் நாடு இதுவே என்பர். சேபா மக்களின் தலைநகரான மாரிப், சனாவுக்குக் கிழக்கே உள்ளது. மூன்று ஞானிகள் கொண்டுவந்த காணிக்கைகளுள் பொன் நீங்கலான மற்ற இரண்டும், அதாவது சாம்பிராணியும் வெள்ளைப்போளமும், தென் அரேபியாவில் விளையும் பொருள்களே.

கடலூரிலும் சிதம்பரத்திலும் படிக்கும் நமக்கு இவ்வூரைப் பற்றி என்ன என்று சிலர் கேட்கலாம். அரபு வணிகர் நம் சோழமண்டலக் கரையை ‘மஅபர்’ என்று அழைத்தனர். ‘கடந்து செல்லும் இடம்’ என்பது அதன் பொருள். நம் இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றும் ஒரு பெயர் இருந்தது. அரபுக் குடிவழி சொல்லும் குடும்பங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன. சிதம்பரத்து மாணவியருக்கு மாணிக்கவாசகர் கதை நன்கு தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை அவர் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டார் என்றும், முடிவில் தில்லையிலே சோதியில் கலந்தார் என்றும் சைவ மரபு கூறும். அக்கதையில் வரும் குதிரைகள் கடல் கடந்து வரும் அரபு நாட்டுக் குதிரைகளே. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த மார்கோ போலோவும், பாண்டியர்க்குக் குதிரை ஏறிவந்த துறைகளுள் யெமன் நாட்டு ஏடனைச் சேர்த்தே சொல்கிறார். இங்குக் குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்களாம். அவருக்கு அது பெரும் வியப்பு. பாவம், அந்தக் குதிரைகள்!

தேசப்படத்தை எடுத்து ஏடனையும் மோக்காவையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ நம் சென்னையின் அட்சரேகையிலேயே அமைந்தவை. வெப்பமும் அதற்கேற்றபடி கடுமையானது. செங்கடல் ஓரத்துச் சமவெளியிலிருந்து மேலே ஏற ஏறக் காற்று குளிரத் தொடங்கும். நடுச்சரிவுகளில் காப்பிச் செடி வளரும். உலகம் முழுவதும் குடிக்கும் காப்பி வணிகப் பொருளானது இந்தச் சரிவுகளிலிருந்துதான். பாபா பூதான் என்னும் பெரியவர் 17-ஆம் நூற்றாண்டில் யெமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது கர்நாடகத்தில் வழங்கும் மரபு. நம் வீட்டு வடிகட்டியில் இறங்கும் காப்பிக்கு அங்கே ஒரு பூர்வீகம் உண்டு.

காப்பிக்காகப் போரும் நடந்திருக்கிறது. நமக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள புதுச்சேரியிலிருந்து 1737-இல் பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் புறப்பட்டுப் போய் மோக்கா நகரைக் குண்டுவீசித் தாக்கின. அங்கிருந்த ஆளுநர் கம்பெனிக்குத் தரவேண்டிய கடனைத் தீர்க்கவில்லை என்பது காரணம். நம் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் வாங்கியதைப் படித்திருக்கிறோம். அவர்களுக்கும் மோக்காவில் பண்டகசாலை இருந்தது. இக்கரையின் நெசவுத்துணி போக, அக்கரையின் காப்பியும் வெள்ளிக்காசும் திரும்ப வந்தன.

இனி நகருக்குள் செல்வோம். தெற்கு மதிலில் ‘பாப் அல் யமன்’ என்னும் யெமன் வாயில் உள்ளது. அதைக் கடந்தால் ‘சூக் அல் மில்ஹ்’, அதாவது உப்புச் சந்தை. பெயர்தான் உப்பு, விற்பது அனைத்தும். நம் ஊரில் பூவுக்கு ஒரு வரிசை, வெற்றிலைக்கு ஒரு வரிசை என்று இருப்பதுபோல, அங்கே தானியத்திற்கு ஒரு தெரு, உலர்ந்த திராட்சைக்கு ஒரு தெரு, மிளகு மஞ்சள் முதலிய சரக்குக்கு ஒரு தெரு, இடுப்பில் செருகும் வளைந்த கத்திக்கு ஒரு தெரு என்று தொழில்வாரியாகப் பிரிந்திருக்கும். வெளியூர் வணிகர் தங்கவும் சரக்கை வைத்துப் பூட்டவும் பல மாடிச் சத்திரங்கள் உண்டு. விலை, கூலி, சந்தை ஒழுங்கு ஆகியவற்றுக்காக 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இருந்தது. வெள்ளி வேலை செய்தவர்களிற் பெரும்பாலோர் யூதர். 1949, 1950 ஆண்டுகளில் அவர்களிற் பெரும்பகுதியினர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர்.

அங்கே மக்கள் விரும்பிக் குடிப்பது கருங்காப்பி அன்று; காப்பிப் பழத்தின் உலர்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்த ‘கிஷ்ர்’ என்னும் பானம். கொட்டையை விற்றுவிட்டுத் தோலைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள் போலும். மழைநாளில் நாம் குடிக்கும் சுக்குக் காப்பியில் காப்பித்தூளே இல்லாமலிருப்பது நினைவுக்கு வருகிறதல்லவா? உணவிலும் நமக்கு உறவுண்டு. சோளம் அவர்களுடைய முக்கியத் தானியம். வெந்தயத்தை ஊறவைத்து நுரைபொங்க அடித்து, கொதிக்கும் கல்சட்டிக் குழம்பின்மேல் ஊற்றி, ரொட்டியால் தொட்டு உண்பார்கள்.

வீடுகளின் அழகே தனி. அடித்தளம் கருங்கல், மேல்தளங்கள் சுட்ட செங்கல். கீழ்த்தளத்தில் ஆடுமாடும் தானியமும், நடுவில் குடும்பம், உச்சியில் விருந்தினரை அமர்த்தும் காற்றோட்டமான அறை. சன்னல்களுக்கு மேலே அரைவட்ட வடிவில் வெண்சாந்தில் பதித்த வண்ணக் கண்ணாடிகள் இருக்கும். நம் ஆலயத்துக் கண்ணாடிச் சன்னலில் காலை வெயில் விழும்போது தரையெல்லாம் நிறம் படிவதைப் பார்த்திருக்கிறோமே, அதுபோல அங்கே ஒவ்வொரு வீட்டிலும் நிகழும். 11-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டனவாகக் கருதப்படும் 6,000-க்கு மேற்பட்ட வீடுகள் அங்குள்ளன. 1986-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 6-ஆம் நூற்றாண்டில் ஆபிரகா என்ற மன்னர் கட்டிய பெரிய கிறிஸ்தவ ஆலயமும் இங்கு இருந்தது. இன்று எஞ்சியிருப்பது சுவர் எழுப்பிய ஒரு பள்ளம் மட்டுமே.

இந்நகரைக் கண்டு எழுதியவர்களில் மூவரை நாம் அறிந்திருத்தல் நல்லது. இபின் பட்டூட்டா 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யெமன் சென்றார். பின்னாளில் நம் மஅபர் கரைக்கும் மதுரைக்கும் வந்தார். சனாவின் தெருக்களெல்லாம் கல் பாவியவை என்றும், பிற்பகலில் மழை பெய்ததும் தெரு முழுவதும் கழுவித் துப்புரவாகிவிடும் என்றும் எழுதினார். இந்தியாவிலும் யெமனிலும் வெயிற்காலத்தில்தான் மழை என்று பொதுவாகவும் சொல்லிவிட்டார். கடலூர்ப் பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். தெருவைக் கழுவிவிட்டுப் போகிற மழையும் அன்று அது. 2015-இல் வீட்டுக்குள் வந்து நின்ற வெள்ளத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தவர் இயேசு சபைக் குரு அந்தோணி மொன்செராத்தே. அக்பர் அவையில் இருந்தவர் என்று வரலாற்றுப் பாடத்தில் இப்பெயர் வருகிறது. 1589-இல் அவரும் பேதுரு பயஸ் என்னும் இளங்குருவும் கோவாவிலிருந்து எத்தியோப்பியாவுக்குக் கப்பலேறினர். வழியில் பிடிபட்டுப் பாலைவனத்தின் ஊடே நடத்திச் செல்லப்பட்டு, துருக்கியர் வசமிருந்த சனாவில் சிறைப்பட்டனர். 1596-இல் மீட்புப்பணம் கொடுத்த பின்னரே விடுதலை கிடைத்தது. அச்சிறைவாசத்தில் மொன்செராத்தே வாளா இருக்கவில்லை. அக்பரைப் பற்றிய தம் இலத்தீன் நூலை அங்கேயே எழுதி முடித்தார். அக்கையெழுத்துப் படி முந்நூறு ஆண்டு மறைந்து கிடந்து, 1906-இல் கல்கத்தாவில் கிடைத்தது. நம் நாட்டு வரலாற்றின் ஒரு முக்கியச் சான்று சனாவின் சிறையில் உருவானது என்பதை எத்தனை பேர் அறிவர்? பயஸ் அங்கே அரபு மொழி கற்றார். பின்னர் எத்தியோப்பியா சென்று நீல நைல் ஆற்றின் பிறப்பிடத்தை நேரில் கண்டு எழுதினார்.

மூன்றாமவர் கார்ஸ்டன் நீபூர். இக்கதை நமக்கு இன்னும் அண்மையது. விவிலியத்தில் வரும் மரம், செடி, விலங்குகளை அரேபியாவில் நேரில் ஆராய வேண்டும் என்று மைக்கேலிஸ் என்ற செருமானியப் பேராசிரியர் தென்மார்க்கு அரசை வேண்டினார். கொள்ளிடத்துக்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடி அப்போது தென்மார்க்கினர் கையில் இருந்தது. அங்கிருந்து ஒருவரை அனுப்புவதே முதல் திட்டம். பின்னர் அது மாறி, ஆறு பேர் 1761-இல் கோபன்ஹேகனிலிருந்து எகிப்து வழியாகப் புறப்பட்டனர். மொழியறிஞர் 1763 மே மாதம் மோக்காவில் இறந்தார். தாவர அறிஞர் ஃபோர்ஸ்கால் சனாவுக்குப் போகும் வழியில் யரீம் என்ற ஊரில், சூலையில், முறைக்காய்ச்சலால் மாண்டார். எஞ்சிய நால்வர் சனாவை அடைந்தபோது இமாம் அவர்களை அன்போடு வரவேற்றார். பத்து நாள் போலத்தான் தங்கினர். அதற்குள் நீபூர் நகரின் படத்தை வரைந்துவிட்டார். ரொட்டி விற்பவர்கள் பெண்களே என்பதையும், பழந்துணி கொடுத்துப் புதுத்துணி மாற்றிக்கொள்ளும் இடம் இருப்பதையும், மனு எழுதித் தருவோர் சந்தையில் அமர்ந்திருப்பதையும், இந்திய பனியா வணிகர்கள் அங்கு வாழ்வதையும் குறித்துவைத்தார். பம்பாய்க்குக் கப்பலேறிய பின் இருவர் கடலில் இறந்தனர். மருத்துவர் பம்பாயில் இறந்தார். 1767-இல் ஊர் திரும்பியவர் நீபூர் ஒருவரே. அந்நாட்டார் உண்பதை உண்டு, உடுப்பதை உடுத்தியதால்தான் பிழைத்தேன் என்று அவர் கருதினார். இறந்த நண்பர் ஃபோர்ஸ்காலின் குறிப்புகளை 1775-இல் அச்சேற்றியவரும் அவரே.

இன்று நாம் சனா செல்ல முடியாது. 2014-இல் உள்நாட்டுப் போர் நகரைச் சூழ்ந்தது. 2015 மார்ச்சில் விமானத் தாக்குதல் தொடங்கியது. அப்போது யெமனில் இருந்த இந்தியரில் செவிலியர் மிகப் பலர். கேரளத்தவரே மிகுதி; தமிழ்நாட்டவரும் இருந்தனர். ‘ராஹத்’ நடவடிக்கையில் இந்திய அரசு 4,600-க்கு மேற்பட்ட இந்தியரைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டது. சனாவிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஜிபூட்டிக்குப் பறந்தன. மேனிலை வகுப்பு முடித்துச் செவிலியர் பயிற்சிக்குச் செல்லும் மாணவியர் நம் பள்ளியில் ஆண்டுதோறும் உண்டு. வெளிநாட்டு வேலை என்று முகவர் சொல்லும்போது, அந்த ஊர் எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்று பெற்றோர் தேசப்படத்தையும் செய்தித்தாளையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 2017-இல் யெமன் செல்ல இந்தியர்க்கு அரசு தடை விதித்தது.

அன்னை தெரேசாவின் சகோதரிகள் யெமன் அரசின் அழைப்பின் பேரில் 1973-இல் அங்குச் சென்றனர். தொழுநோயாளரையும் முதியோரையும் பேணினர். 1998 சூலையில் ஹொதைதாவில் மூன்று சகோதரிகளும், 2016 மார்ச் 4 அன்று ஏடனில் நான்கு சகோதரிகளும் கொல்லப்பட்டனர். ஏடனில் இறந்தவருள் ஒருவர் நம் நாட்டவர். அன்று கடத்தப்பட்ட கேரளத்துச் சலேசியக் குரு தோமாஸ் உழுந்நாலில் 2017 செப்டம்பரில் விடுதலை பெற்றார். ஏடன் இல்லத்தில் அன்று சகோதரிகளோடு மாண்டவர்களுள் அங்கு வேலை செய்த யெமன் நாட்டு முஸ்லிம்களும் இருந்தனர். அதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நகரத்தின் கதி? 2015 சூனில் பழைய நகரில் குண்டு விழுந்து சில வீடுகள் தரைமட்டமாயின; அவ்வாண்டே யுனெஸ்கோ சனாவை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2020 ஆகஸ்டில் இபின் பட்டூட்டா புகழ்ந்த அதே மழை மிகுதியாகக் கொட்டியது. போரினால் கூரை பழுதுபார்க்கப் பணமின்றிக் கிடந்த வீடுகள் பல இடிந்தன. வேலையற்ற இளைஞருக்குக் கூலி கொடுத்து அவ்வீடுகளைச் சீர்செய்யும் பணியை யுனெஸ்கோ ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2018 முதல் நடத்தியது. செங்கல் அடுக்கவும் வெண்சாந்து பூசவும் அவர்கள் அங்கேயே, மூத்த கொத்தனார்களிடம் கற்றுக்கொண்டார்கள்.