வில்லை வடிவ அண்டங்களும் அவற்றை வகைப்படுத்தும் முறையும்

நமது சூரியன் பல்லாயிரங் கோடி விண்மீன்களுடன் பால்வழி என்னும் அண்டத்தில் உறுப்பாக அமைந்துள்ளது. இத்தகைய அண்டங்கள் விண்வெளியில் எண்ணிறந்தவை. அவற்றை உருவத்தைக் கொண்டு பகுக்கும் முறையை அமெரிக்க வான நூலாராகிய எட்வின் ஹபிள் 1926-இல் வெளியிட்டார். 1936-இல் அதனை இசைக்கவை போன்ற வரைபடமாக அமைத்தார். கவையின் கைப்பிடியில் நீள்வட்ட அண்டங்களும், ஒரு கிளையில் சுருள் அண்டங்களும், மற்றொன்றில் நடுவே பட்டையுடைய சுருள் அண்டங்களும் இடம் பெற்றன. இவை கூடும் சந்தியில் எஸ்-0 என்னும் வகையை, இடைவெளியை நிரப்பும் பொருட்டு, ஊகமாகவே அவர் வைத்தார். அத்தகைய அண்டங்கள் உண்மையில் உள்ளன என்பது பின்னர் உறுதியாயிற்று. இவையே வில்லை வடிவ அண்டங்கள் எனப்படுகின்றன.

உருவ அமைப்பு

இவற்றின் வடிவம் மைசூர்ப் பருப்பை ஒத்தது. நடுவில் விண்மீன்கள் செறிந்த புடைப்பும், அதனைச் சுற்றி மெல்லிய தட்டும் உள்ளன. தட்டு உண்மையால் இவை சுருள் அண்டங்களைப் போன்றவை. ஆயினும் சுருட்கரங்கள் இல்லை. புதிய விண்மீன்கள் தோன்றுவதற்கு வேண்டிய குளிர்ந்த வாயு மிகக் குறைவு. ஆதலின் பெரும்பாலும் முதிய விண்மீன்களே இவற்றில் காணப்படுகின்றன.

உட்பிரிவுகள்

1961-இல் ஆலன் சாண்டேஜ் வெளியிட்ட படத்தொகுப்பில் இவை தூசியின் அளவைக் கொண்டு மூன்றாகப் பகுக்கப்பட்டன. தூசி புலப்படாதது முதற்பிரிவு. சிறிது புலப்படுவது இரண்டாவது. கரிய தூசி வளையம் தெளிவாகத் தோன்றுவது மூன்றாவது. பட்டையுடையவை தனியே பிரிக்கப்பட்டு, பட்டையின் தெளிவுக்கேற்பப் பகுக்கப்பட்டன.

இனங்காண்பதில் உள்ள இடர்ப்பாடு

ஒரு பருப்பையும் ஒரு சிறு உருண்டையையும் மாணவர் முன் வைத்து, மேலிருந்து நோக்கச் செய்க. இரண்டும் வட்டமாகவே தோன்றும். பக்கவாட்டில் நோக்கினாலன்றி வேறுபாடு புலனாகாது. அண்டத்தையோ நாம் திருப்பிப் பார்த்தல் இயலாது. ஆகவே மையத்திலிருந்து வெளிநோக்கி ஒளி எவ்வாறு குறைகிறது என்பதை அளந்து, தட்டு உண்டா எனத் துணிகின்றனர். ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 3115 என்னும் அண்டம் பக்கவாட்டில் தோன்றுவது. அதனையும் ஹபிள் நீள்வட்ட வகையிலேயே சேர்த்திருந்தார். பின்னரே அது வில்லை வடிவ அண்டமெனக் கொள்ளப்பட்டது.

நிறமாலையைக் கொண்டு விண்மீன்களின் இயக்கத்தையும் அளக்கலாம். இவ்வாறு 260 அண்டங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, அவற்றுள் நீள்வட்டம் எனக் குறிக்கப்பட்டிருந்தவற்றில் மூன்றில் இரு பங்கு, தட்டுடைய அண்டங்களைப் போன்றே சீராகச் சுழல்கின்றன.

வரிசை காலவரிசை அன்று

ஹபிளின் படத்தைக் காண்போர், நீள்வட்ட அண்டம் வளர்ந்து வில்லையாகிப் பின் சுருளாகிறது எனக் கருதிவிடுதல் கூடும். இது பிழை. 1980-இல் ஆலன் டிரெஸ்லர் 55 அண்டக் கூட்டங்களை ஆராய்ந்து, நெருக்கம் மிகுந்த இடங்களில் வில்லை அண்டங்கள் மிகுந்தும் சுருள் அண்டங்கள் குறைந்தும் இருப்பதைக் காட்டினார். கூட்டத்தினூடே விரையும் சுருள் அண்டத்தின் வாயுவை, அங்கு நிறைந்துள்ள வெப்ப வாயு துடைத்து அகற்றும் என்பதை 1972-இல் கன், காட் என்னும் இருவர் விளக்கினர். வாயு இழந்த அண்டத்தில் புதிய விண்மீன்கள் தோன்றா. கரங்கள் மங்கி மறையும். வில்லை அண்டங்கள் தோன்றும் வழிகளுள் இது ஒன்று. 1976-இலேயே சிட்னி வான்டன்பர்க், இவற்றைச் சந்தியில் வையாது சுருள் அண்டங்களுக்கு இணையான தனி வரிசையில் வைத்தார்.

ஆதலின் இசைக்கவைப் படத்தைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர்கள், அது உருவ ஒப்புமையைக் காட்டுவதேயன்றி வளர்ச்சிப் படிகளைக் காட்டுவதன்று என்பதை உடனே எடுத்துரைத்தல் வேண்டும்.