தைராய்டோடு சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறதா?

தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தால் பதற்றம் வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம்.

• வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது எல்லைக்கோடு. 126 அல்லது 6.5 என்ற அளவைத் தொட்டால் சர்க்கரை நோயாக இருக்கலாம். அறிகுறி இல்லாதவர்கள் மறுபடி சோதித்து உறுதிசெய்யவும்.

• ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவும், கட்டுக்குள் வராத தைராய்டு குறைபாடும் எச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டலாம்.

• அசதி தைராய்டு, சர்க்கரை இரண்டிலுமே வரும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரையைச் சந்தேகியுங்கள்.

• தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை.

• முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிட்டால், பரிசோதனைக்கு முன்பே தெரிவியுங்கள். தைராய்டு ரிசல்ட் தவறாக வரக்கூடும்.

• தைராய்டு மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றினால், சர்க்கரையை எப்போது மறுபடி பார்ப்பது என்றும் கேளுங்கள்.

• தட்டில் இட்லியைக் குறைத்து, காய்கறி சாம்பாரையும் சுண்டலையும் கூட்டுங்கள். சாப்பிட்டபின் 15 நிமிடம் நடங்கள்.

• சர்க்கரை எகிறி வாந்தி, மூச்சுவாங்கல், மனக்குழப்பம் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.